அடைத்த கடனை யார் எழுதுவது?

கடன் தீர்ந்துவிட்டால் அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும் என்பது என் அம்மாவின் கட்சி. தேயிலைத் தோட்டத்தில் இலை பறித்து எங்களை வளர்த்தவர் அவர். மளிகைக் கடைப் பற்று, தீபாவளிக்கு வாங்கிய கைமாற்று எதுவாக இருந்தாலும் கொடுத்து முடித்த அன்றைக்கே மறந்துவிடுவார். "தீர்ந்துச்சா, ஒரு கும்பிடு போட்டுட்டு வா, மறுபடி அந்த வாசப்படி மிதிக்காதே" என்பார். அம்மா சொல்வதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். மளிகைக் கடைக்காரர் பணத்தை வாங்கியதும் நோட்டில் நம் கண் முன்னாலேயே கோடு கிழிப்பார், அதோடு முடிந்தது. ஆனால் இப்போது நம் கணக்கு எழுதப்படும் நோட்டு, சிபில் என்று நாம் சொல்கிற கடன் அறிக்கை, நம் கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருக்கிறது. அதில் கோடு கிழித்தார்களா இல்லையா என்று நாமாகப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். இதை அம்மாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அவருக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. உங்களில் சிலருக்காவது, முக்கியமாக வீட்டுக்காரர் கடனில் கூடக் கையெழுத்துப் போட்ட பெண்களுக்கு, இது பயன்படட்டும்.

நாங்கள் இருப்பது குன்னூர். என் வீட்டுக்காரர் சுற்றுலா வேன் ஓட்டுகிறார். 2018 கடைசியில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் கடன் போட்டு வேன் எடுத்தோம். வீட்டு வரி ரசீது என் பெயரில் இருந்ததால் என்னையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கினார்கள். எனக்குக் காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். கூட்டுக் கடன்தாரர் என்றால் கடன் முழுக்க என் தலையிலும்தான் என்று அங்கே யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. 2019 சீசன் நன்றாகவே போனது. அதற்கடுத்து நடந்தது இந்த மலையில் வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். 2020, 2021 இரண்டு வருடமும் மலர்க் கண்காட்சி இல்லை. மே மாத வருமானத்தை நம்பித்தான் இங்கே மழைக்காலம் முழுக்க அடுப்பெரியும். அந்த மே மாதமே இரண்டு தடவை காணாமல் போனது. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது, அதில் கொஞ்சம் மூச்சு விட்டோம். இரண்டாவது அலை வந்த 2021-ல் அந்த வசதி இல்லை. ஏப்ரல், மே, ஜூன் என்று தவணைகள் கட்ட முடியாமல் நின்றன. அப்புறம் ரிசர்வ் வங்கி அந்த மே மாதம் அறிவித்த மறுசீரமைப்புத் திட்டத்தின் கீழ் தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டி, புதிய அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள். அந்த அட்டவணைப்படி ஒரு மாதம் கூடத் தவறாமல் கட்டினோம். கேரட் மூட்டை ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போனார், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றினார், நான் ப்ளவுஸ் தைத்தேன். 2024 ஜனவரியில் கடைசித் தவணை. நிலுவை இல்லை என்ற சான்றிதழையும் வாங்கினோம், ஊட்டி ஆர்டிஓ அலுவலகத்தில் படிவம் 35 கொடுத்து ஆர்சி புத்தகத்திலிருந்து நிதி நிறுவனத்தின் பெயரையும் எடுத்தாயிற்று. வண்டி முழுக்க எங்களுடையது.

நடுவில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கஷ்டத்தில் இருந்தபோது அந்த நிறுவனத்திலிருந்தே போன் பண்ணி, மொத்தமாக ஒரு தொகை கட்டிவிடுங்கள், மீதியைத் தள்ளுபடி செய்து 'செட்டில்மென்ட்' போட்டுத் தருகிறோம் என்றார்கள். எங்களுக்கு அவ்வளவு பணம் ஒரே தடவையில் புரட்ட வழியில்லை, அதனால் எடுக்கவில்லை. கேத்தியில் காய்கறி போடுகிற எங்கள் உறவுக்காரர் ஒருவர் டிராக்டர் கடனுக்கு அப்படி எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனது வரவில்லை. கிழங்கும் கேரட்டும் விலை இல்லாமல் தோட்டத்திலேயே உழுது போட்ட வருடம் அது. ஆனால் செட்டில்மென்ட் எடுத்தால் கடன் அறிக்கையில் கணக்கு 'முடிந்தது' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். அடுத்துக் கடன் கொடுக்க வருகிறவர் கண்ணுக்கு இவர் முழுசாகக் கட்டவில்லை என்றுதான் அது படும். 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, விவசாயக் கடன் அல்லாத கடன்களில் அப்படிச் சமரசம் செய்துகொண்ட நிறுவனம் அதே ஆளுக்குக் குறைந்தது 12 மாதம் புதிய கடன் கொடுக்கக் கூடாது. போனில் பேசுகிறவர்கள் தள்ளுபடித் தொகையை மட்டும் சொல்வார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள். கடிதம் கையில் வரும் முன்னால் கணக்கு எப்படிக் காட்டப்படும் என்று எழுத்தில் கேளுங்கள்.

"அப்பா வேண்டாம், அம்மா பெயர் போடுங்க"

எங்கள் மகளுக்குக் கோயம்புத்தூரில் பிஎஸ்சி நர்சிங் இடம் கிடைத்தது. கல்விக் கடனுக்கு வங்கிக்குப் போனோம். 4 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் வேண்டாம், பெற்றோர் ஒருவர் கூட்டுக் கடன்தாரராக இருந்தால் போதும். அங்கே இருந்த அதிகாரி நல்ல பையன், பொறுமையாகப் பேசினார். என் வீட்டுக்காரரின் பான் எண்ணைப் போட்டு, கடனை எப்படிக் கட்டினார் என்பதற்கான மதிப்பெண்ணான சிபில் ஸ்கோரைப் பார்த்துவிட்டு, "அண்ணா, உங்க ஸ்கோர் ரொம்பக் கம்மியா இருக்கு, மேல அனுப்பினா திருப்பிடுவாங்க. அக்கா பேர்ல போட்டுடலாமா?" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமிதம்கூட வந்தது. என் பெயரில் தனியாக நான் எந்தக் கடனும் வாங்கியதில்லை. என் பான் எண்ணைப் போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அக்கா, உங்களுக்கும் அதேதான்" என்றார்.

மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் அவளைப் பார்க்கவே இல்லை. ஒரு மனிதர் இரண்டரை வருடம் தூக்கத்தை விட்டு வண்டி ஓட்டிக் கட்டிய பணம், பெற்ற பிள்ளைக்கு முன்னால் கட்டாத பணம் மாதிரி ஆகிவிட்ட இடம் அது. அவருக்கு அன்றைக்கு ஏற்பட்ட அவமானத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சிபில் ஸ்கோர் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக மாணவருக்குக் கல்விக் கடன் மறுக்கக் கூடாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2023-ல் ஒரு வழக்கில் சொல்லியிருப்பதாக அந்த அதிகாரியே சொன்னார். நல்ல தீர்ப்புதான். ஆனால் ஜூனில் கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டியவர்கள் வழக்குப் போட்டு ஜெயித்து வருவது எப்போது? முதல் வருடக் கட்டணத்துக்கு என் வளையலையும் செயினையும் வேறொரு வங்கியில் வைத்துப் பணம் கட்டினோம். அப்புறம்தான் நிதானமாக உட்கார்ந்து யோசித்தோம்.

அந்த அறிக்கை

நம் கடன் விவரத்தை வைத்திருக்கிற நிறுவனங்கள் நாட்டில் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். நம் வாயில் எல்லாமே சிபில்தான். 2017 ஜனவரியிலிருந்து ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நம்முடையதை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையாது. குறையும் என்று பயந்து பார்க்காமலே இருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே நிறையப் பேர். குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கம்ப்யூட்டர் சென்டரில் என்னுடையதையும் அவருடையதையும் எடுத்துப் பிரிண்ட் போட்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சமையலறையில் விரித்து வைத்தோம்.

ஸ்கோர் 300-லிருந்து 900 வரை இருக்கும், 750-க்கு மேல் இருந்தால் வங்கிகள் யோசிக்காமல் பேசும். எங்களுடையது எவ்வளவு என்பது முக்கியமில்லை. கீழே கடன் கணக்கில் மாதவாரியாகக் கட்டங்கள் இருந்தன, கடைசி 36 மாதங்களுக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் தவணை எத்தனை நாள் தாமதம் என்ற எண். முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மகள்தான் விரல் வைத்து வாசித்தாள். 2021 மே, 30-ஐத் தாண்டியிருந்தது. ஜூன், 60-ஐத் தாண்டியிருந்தது. எனக்கு அந்த மாதங்கள் அப்படியே திரும்பி வந்தன. மே மாதம் மாமியாருக்குக் காய்ச்சல், ஆக்சிஜன் அளவு பார்க்கிற கருவியைத் தெருவே ஒன்றாகச் சேர்ந்து கைமாற்றிக்கொண்ட மாதம். ஜூனில் வண்டி பேட்டரி இறங்கி நின்றது. எழுதியிருந்தது எதுவும் பொய் இல்லை. ஆமாம், அந்த மாதங்களில் நாங்கள் கட்டவில்லை. அதை யாரும் மறைக்கச் சொல்லவில்லை.

அப்புறம் மகள் 2022-க்கு வந்தாள். "அம்மா, இங்க எண்ணே இல்ல, எக்ஸ் எக்ஸ் எக்ஸ்னு இருக்கு." அடுத்த மாதமும் அப்படியே. ஒன்றிரண்டு மாதத்தில் மட்டும் பூஜ்ஜியம், மற்றபடி 2022-லும் 2023-லும் பெரும்பாலான கட்டங்களில் மூன்று எக்ஸ். அந்த மாதத்துக்கு நிறுவனம் தகவலே அனுப்பவில்லை என்று அர்த்தம். அதாவது நாங்கள் ஒழுங்காகக் கட்டிய மாதங்கள். மண்டிக்கு ராத்திரி லோடு ஏற்றிப் போன மாதங்கள். கடைசியில் பார்த்தால் கணக்கு இன்னும் முடியவே இல்லை, பாக்கி 590 ரூபாய் என்று போட்டிருந்தது. முன்னொரு காலத்தில் வங்கியிலிருந்து தவணை எடுக்க முடியாமல் திரும்பியதற்கு 500 ரூபாய் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. நிலுவை எதுவும் இல்லை என்று அவர்களே கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் கொடுத்த பிறகும் அது அங்கே நின்றது.

எனக்கு விடியும் வரை தூக்கம் வரவில்லை. நாங்கள் விழுந்த மாதங்களை நாள் கணக்கில் எழுதத் தெரிந்தவர்களுக்கு, எழுந்து நின்ற மாதங்களை எழுத நேரமில்லாமல் போயிருக்கிறது. கடன் வரலாற்றை மறுபடி கட்டி எழுப்புவது என்றால் புதிதாக ஒரு கிரெடிட் கார்டு வாங்கித் தேய்ப்பது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அன்றைக்கு வேறு மாதிரி பட்டது. நாங்கள் கட்டிய பணம் கட்டியதாக அங்கே பதிவாக வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கேட்டு வாங்கியது

மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி அந்த நிறுவனத்தின் கிளைக்குப் போனோம். நாங்கள் பார்த்த பழைய மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டார். இருந்தவர், "590 ரூபாய்தானே மேடம், கட்டிடுங்க, க்ளோஸ் பண்ணிடலாம்" என்றார். என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் கை விட்டுவிட்டார். நான் வேண்டாம் என்றேன். பணத்துக்காக இல்லை. இப்போது கட்டினால் கணக்கு 2024 ஜனவரியில் முடியவில்லை, இன்றைக்குத்தான் முடிந்தது என்றாகிவிடும். இடைப்பட்ட மாதங்கள் முழுக்கப் பாக்கிக்காரர்களாக இருந்தோம் என்று நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி. நிலுவை இல்லாச் சான்றிதழின் நகல், ஆர்சி நகல், தவணை போனதைக் காட்டும் வங்கிப் பாஸ்புக் பக்கங்கள் எல்லாவற்றையும் வைத்து ஒரு கடிதம் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு நகலில் கையெழுத்தும் சீலும் கேட்டேன். சீல் போட அவர் தயங்கினார். போடும் வரை நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

அதே வாரம் சிபில் தளத்திலும் புகார் பதிவு செய்தோம். 2024 ஏப்ரல் 26-லிருந்து ஒரு விதி இருக்கிறது. அப்படிப் புகார் கொடுத்து 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு நமக்குத் தர வேண்டும். அதில் கடன் கொடுத்த நிறுவனத்துக்குத் திருத்திய தகவலை அனுப்ப 21 நாள். அந்த விதியைக் கடிதத்திலேயே எழுதினேன். அதற்கும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே கொடுக்கலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். எங்களுக்கு அது வரை போக வேண்டியிருக்கவில்லை. கெடு முடியும் சமயத்தில் ஒரு போன் வந்தது, குரலே மாறியிருந்தது. கணக்கு 2024 ஜனவரியில் முடிந்ததாகவும் பாக்கி பூஜ்ஜியம் என்றும் மாறியது. எக்ஸ் போட்ட மாதங்கள் பெரும்பாலும் பூஜ்ஜியமாக நிரம்பின. 2021-ன் எண்களும், கோவிட் காரணமாக மறுசீரமைக்கப்பட்டது என்ற குறிப்பும் அப்படியே இருந்தன. அவை இருக்கட்டும், நடந்தது நடந்ததுதான்.

இதற்கு நடுவில் ஏஜென்ட் என்று ஒருவர் வந்தார், பணம் கொடுத்தால் ஸ்கோரை ஏற்றித் தருகிறேன் என்று. உண்மையாக நடந்த தாமதத்தை யாராலும் அழிக்க முடியாது, தப்பாக எழுதியதை நாமே காசில்லாமல் திருத்திக்கொள்ளலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் அவருக்கு என்ன வேலை?

திருத்திய பிறகு ஸ்கோர் கொஞ்சம் ஏறியது, போதுமான அளவுக்கு இல்லை. அந்த இடத்தில்தான் அம்மாவோடு எனக்குப் பெரிய வாக்குவாதம். பழைய கடன் முடிந்தாயிற்று, புதிதாக எதுவும் இல்லை என்றால் அறிக்கையில் கடைசியாகப் பேசுவது அந்தப் பழைய கணக்குதான். அதற்குப் பக்கத்தில் புதிதாக நல்ல மாதங்கள் சேர வேண்டும். அதற்காக எங்கள் நகைக் கடனே உதவியது. வங்கியில் வைக்கிற நகைக் கடனும் இந்த அறிக்கையில் ஏறும், அதை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக் கெடுவுக்கு முன்னால் மீட்டோம். அப்புறம் வங்கியில் 15,000 ரூபாய் வைப்பு நிதி போட்டு அதன் பேரில் ஒரு கார்டு என் பெயரில் வாங்கினேன். வைப்பு நிதியே ஈடாக இருப்பதால் பழைய ஸ்கோரைப் பார்த்துத் திருப்பவில்லை. அதில் கேஸ் சிலிண்டரும் கரண்ட் பில்லும் மட்டும். வரம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தொடவே மாட்டேன், பில் வந்ததும் முழுத் தொகையும் கட்டிவிடுவேன். குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று காட்டுவார்கள், அதை மட்டும் கட்டிக்கொண்டே போனால் மிச்சத்துக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று வங்கியில் ஒரே சமயத்தில் கடன் கேட்பதும் கூடாது, கேட்ட ஒவ்வொன்றும் அறிக்கையில் பதிவாகும்.

"ஒரு கடன் தீர்ந்துச்சேன்னு இன்னொரு கடனா?" என்று அம்மா கோபித்துக்கொண்டார். அவர் பயம் எனக்குத் தெரியும். வட்டிக்காரர் லயத்து வாசலில் வந்து நின்ற நாட்களைப் பார்த்தவர். ஆனால் இந்த மலையில் எங்கள் வருமானம் என்றைக்கு நிலையாக இருந்தது? 2024 மே மாதம் மலைக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது, 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குள் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உயர்நீதிமன்றம் வரம்பு போட்டது. மலைக்கு அது தேவை என்றுதான் நானும் நினைக்கிறேன், ஆனால் எங்கள் சீசனில் அது தெரிகிறது. ஒரு பெரிய மழை, ஒரு மண்சரிவு, பர்லியாறில் ரோடு மூடினால் போதும். மறுபடி ஒரு கஷ்டம் வரத்தான் போகிறது. அப்போது வங்கிக் கதவு திறக்கவில்லை என்றால் அம்மா பயப்படுகிற அந்த வட்டிக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும். அதற்காகத்தான் இந்த 15,000 ரூபாய். இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பொதுத்துறை வங்கி வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனம் கடன் வரலாறு சரியில்லை என்று ரத்தானதில் தலையிட 2025-ல் சென்னை உயர்நீதிமன்றம் மறுத்துவிட்டது. கடனே வேண்டாம் என்று ஒதுங்குகிறவர்களையும் இந்த அறிக்கை விடுவதில்லை.

மகளின் இரண்டாம் வருடத்துக்குக் கல்விக் கடன் கிடைத்தது. கூட்டுக் கடன்தாரர் நான்தான். இந்தத் தடவை கையெழுத்துப் போடும் முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், படிப்பு முடிந்து எப்போதிலிருந்து தவணை, வட்டி எப்படி ஏறும், நின்றுபோனால் யார் பெயரில் என்ன ஏறும் என்று எல்லாம். அந்த அதிகாரி பையன் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

இப்போது எங்கள் தெருவில் நான்கைந்து பெண்களுக்கு அறிக்கை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக் கடனும் அதில் வரும் என்பதே பலருக்குத் தெரியாது. போன மாதம் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பார்த்தோம். மகனின் ஆட்டோக் கடன் ஒழுங்காகவே இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு கணக்கு. கோத்தகிரியில் இருக்கிற கொழுந்தனாருக்கு எப்போதோ ஜாமீன் கையெழுத்துப் போட்டது, இரண்டு மாதத் தவணை நிற்கிறது. அக்கா அங்கேயே நின்றபடி அவருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கே அந்தப் பிரிண்டை மடித்து எடுத்துக்கொண்டு கோத்தகிரிக்குக் கிளம்பிவிட்டார்.